சனிக்கிழமைக் குரல் வகுப்பும் உங்கள் அம்மாவின் காகிதமும்

பிள்ளைகளே,

போன மாதம் பெரியவள் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன் அல்லவா? அப்போது ஒரு நாள் பேரன் கணினி முன்னால் உட்கார்ந்து வரலாற்றுப் பாடம் படித்தான். திரையில் கட்டம் கட்டமாகப் பிள்ளைகளின் முகங்கள். ஆசிரியை எந்த ஊரில் இருந்தாரோ தெரியாது. "உங்கள் வீட்டில் இருக்கும் பழைய காகிதம் ஒன்றை எடுத்து வாருங்கள், அதை யார் எழுதியது, எதற்காக எழுதியது என்று யோசியுங்கள்" என்றார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பேரன் என்னைத் திரும்பிப் பார்த்து, "தாத்தா, உங்க காலத்துல இந்த மாதிரி கிளாஸ் எல்லாம் இல்ல லா" என்றான்.

இருந்தது. முகம் தெரியாது, அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் நான் மாணவன் இல்லை. கதவு திறந்துவிடுகிறவன். ஆனால் உங்கள் அம்மாவின் ஐசி, அந்த அடையாள அட்டை விஷயத்தில் அந்த வகுப்பால் நடந்ததை உங்களிடம் முழுதாகச் சொன்னதில்லை. அதில் நான் செய்த ஒரு காரியம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, அதனால்தான். இப்போது எழுதிவிடுகிறேன். நான் மூன்றாம் பாரம் வரை படித்தவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் இருந்த தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ரப்பர்ப் பால்மரங்களை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். லயத்துக் குடும்பங்கள் ஆளுக்கொரு திசையில் போயின. நான் ஈப்போவுக்கு வந்து கொஞ்ச காலம் லாரியில் மூட்டை ஏற்றினேன். பிறகு ஓர் அலுவலகத்தில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. வடக்கே இருந்த ஒரு பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே படிக்கிற பெரியவர்களுக்காக ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டிடத்தில் இரண்டு அறை எடுத்திருந்தது, அதுதான் என் அலுவலகம். பாடம் தபாலில் வரும். மாதத்தில் பல சனிக்கிழமைகளில் விரிவுரையாளரின் குரல் தொலைபேசி வழியாக வரும். மாணவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

மேசை நடுவில் ரொட்டி டின் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் ஒலிபெருக்கி. அதிலிருந்து ஒரு ஒயர் மைக்குக்குப் போகும், இன்னொன்று சுவரில் இருக்கும் தொலைபேசிப் பிளக்குக்கு. ஒன்றே முக்காலுக்கு நான் பிளக்கைச் செருகி, மைக்கைத் துணியால் துடைத்து, தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி வைக்க வேண்டும். நான்கு ஊர்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே வகுப்பு. இரண்டு மணிக்குக் குரல் ஒவ்வோர் ஊராகக் கூப்பிடும். "ஈப்போ, ஆடா?" என்று, இருக்கிறீர்களா என்று மலாயில் கேட்டதும் நான் மைக்கின் பொத்தானை அமுக்கி, "ஆடா, புவான்", இருக்கிறோம் அம்மா என்று சொல்ல வேண்டும். பொத்தானை அமுக்கினால்தான் நம் பேச்சு போகும். இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் அமுக்கிவிட்டால் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வரும், எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

வரலாற்று வகுப்பை எடுத்தவர் ஒரு பெண். பாடம் மலாயில்தான். ஒரு நாள் லைனைச் சோதிக்கும்போது நான் பழக்கத்தில், "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று எண்ணிவிட்டேன். பெட்டிக்குள்ளிருந்து, "நாலு, அஞ்சு, ஆறு. நல்லாக் கேக்குது" என்று பதில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாழ்ப்பாணத் தமிழ். தோட்டத்தில் அந்தத் தமிழைப் பேசினவர்கள் எங்களுக்குப் பேர் பதிந்து கணக்கெழுதும் கிராணிமார்கள். அதைக் கேட்டதும் என் கால்கள் தாமாகவே எழுந்து நின்றுவிட்டன. நாற்காலி கிறீச்சிட்டது அங்கே கேட்டிருக்கும்போல.

"எழும்பி நிண்டுகொண்டோ கதைக்கிறீங்கள்? இருந்து கதையுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் எங்களுக்குள் பேச்சு நடக்கும். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவராம். குரலை வைத்துப் பார்த்தால் என்னை விடச் சின்னவர். முகத்தை நான் கடைசி வரைக்கும் பார்க்கவில்லை.

மாணவர்கள் ஆறேழு பேர் வருவார்கள். அவர்களில் இரண்டு பேரை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒருவர் பீடோரிலிருந்து மோட்டார்சைக்கிளில் வரும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பெரிய தொந்தி, பெரிய சிரிப்பு. அவரை வாத்தியாரண்ணே என்பேன். இன்னொருவர் பத்து காஜாவிலிருந்து வரும் மலாய் டீச்சர். எப்போதும் வாழையிலையில் சுற்றிய பலகாரம் கொண்டுவந்து, முதலில் எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்.

நான் பின்னால் சுவரோரம் இருந்து எல்லாவற்றையும் கேட்பேன். பாடத்துக்கு முன்னாலேயே பழுப்பு உறையில் நகல்கள் வரும், நான் ஆளுக்கொன்று கொடுப்பேன். ஒரு தடவை வந்தது ஒரு தோட்டத் துரை மேலிடத்துக்கு எழுதிய பழைய கடிதம். தொழிலாளிகள் எல்லாரும் திருப்தியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். குரல் கேட்டது: இதை எழுதியது யார்? யாருக்கு? வேறு மாதிரி எழுதியிருந்தால் அவனுக்கு என்ன நஷ்டம்? ஒரு காகிதத்தை அப்படியெல்லாம் கேள்வி கேட்கலாம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. எங்களுக்குக் காகிதம் என்றால் பயம். அதில் எழுதியிருந்தால் முடிந்தது. எங்கள் அப்பா விடிகாலைப் பெரட்டில், ஆள் எண்ணும் வரிசையில் நின்று, கிராணி புத்தகத்தைப் பார்த்து, "நீ நேத்து அரை நாள்தான்" என்று சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு வருவார். முழு நாள் வேலை செய்தது அவருக்கே தெரியும். அப்படியும் ஆட்டுவார்.

இனி அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அம்மாவுக்கு அப்போது சிவப்பு ஐசி. இந்த நாட்டில் பிறந்தவள் என்று காட்டப் பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லை. அவளுடைய தாய் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அவளுக்குப் பத்து வயதில் தகப்பனாரும் போய்விட்டார். ஐசி எடுக்கிற காலத்தில் தோட்டத்துக் கிராணி ஆளின் உயரத்தைப் பார்த்து ஒரு பிறந்த வருஷத்தைப் போட்டுக் கொடுத்தார். சிவப்பு ஐசிக்காரர்கள் வேலை செய்யப் பர்மிட் வேண்டும். அம்மா சட்டை தைக்கும் ஃபேக்டரி ஒன்றில் இருந்தாள். அடுத்த வருஷத்துக்குப் பர்மிட் புதுப்பிக்க மாட்டோம், குடிமக்களுக்குரிய நீல ஐசி இருந்தால் வா என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு முன்னால் இரண்டு தடவை குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தோம், இரண்டும் திரும்பி வந்தன. மூன்றாவது மனுவுக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பிறப்புக்குச் சான்று கொண்டுவர வேண்டும். இரண்டு மாதம்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவளை வளர்த்த சித்தப்பா பீடோர்ப் பக்கத்திலிருந்து வந்தார். வீடு மாறும்போது பெட்டியின் அடியில் கிடந்ததாக ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன் பத்திரமாக வைத்த காகிதம் என்பது மட்டும்தான் தெரியும். எட்டாக மடித்து மஞ்சளாகிப்போன பிறப்புப் பத்திரம். பேர் உங்கள் அம்மாவின் பேர். தகப்பன் பேர், தாய் பேர், தோட்டத்தின் பேர் எல்லாம் சரி. அன்றைக்கு அம்மா சேமியா பாயாசம் காய்ச்சினாள். மூத்தவளே, உனக்கு அப்போது ஆறு வயது. யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய்.

பேர்களைத் தவிர, தேதி உட்படக் கூட்டெழுத்தில் இருந்த ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. மனுப்பாரம் நிரப்ப வேண்டுமே என்று சனிக்கிழமை வாத்தியாரண்ணனிடம் காகிதத்தைக் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"என்னடா தம்பி, உன் வீட்டுக்காரிக்கு மூணு வயசு கூடிப்போச்சே. ஒனக்கே ஒரு வயசு மூத்தவளா வாராளே. இனிமே அக்கானு கூப்பிடு."

"கிராணி குத்துமதிப்பா போட்டதுண்ணே. காகிதம்தானே சரி."

அவர் காகிதத்தை மடித்துக் கொடுத்தார். வகுப்பு தொடங்கியது. அன்றைய பாடத்துக்கு ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து ஒரு பழைய காகிதம் கொண்டுவர வேண்டும். தைப்பிங்கில் ஒருவர் நிலப்பட்டா கொண்டுவந்திருந்தார். ஈப்போவின் முறை வந்தது. மலாய் டீச்சர் ஒரு திருமணப் பதிவைப் பற்றிப் பேசினார். உடனே வாத்தியாரண்ணன் மைக்கைப் பிடித்து, "புவான், இங்கே எங்கள் அட்டெண்டரிடம் இதைவிட நல்ல காகிதம் இருக்கிறது" என்றார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"வா லா, என்ன வெக்கம்? நாலு ஊரு கேக்கட்டும்" என்று இழுத்து உட்காரவைத்தார்.

நான் தப்புத்தப்பான மலாயில் சொன்னேன். என் மனைவியின் பிறப்புப் பத்திரம், இத்தனை வருஷம் காணாமல் போயிருந்தது, இப்போது கிடைத்துவிட்டது, இதுவே சான்று என்றேன். அந்த வகுப்புக்கு நான் முதல்முதலாகப் பேசியது அதுதான். பெருமையாக இருந்தது.

குரல் வழக்கமான கேள்விகளைக் கேட்டது. பிறகு புதிதாக ஒன்று கேட்டது. இத்தனை காலம் இந்தக் காகிதம் யார் கையில் இருந்தது? அந்தப் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்த வேறு காகிதம் ஏதாவது இருக்கிறதா? கடைசியில் எனக்காகத் தமிழில், "சந்தோசப்படுங்கோ. ஆனால் ஒரு காகிதத்தோட மட்டும் நிக்காதேங்கோ. அவ பள்ளிக்கூடம் போயிருப்பா தானே?" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரண்ணனின் மோட்டார்சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டேன். அம்மா பிறந்த தோட்டத்தின் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவரோடு பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாக இருந்தவர். போகிற வழியெல்லாம் ஈயம் தோண்டிய லம்பங்கள் விட்டுப்போன வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர்க் குட்டைகள். தோட்டத்துக்குள் லயங்கள் பாதி இடிந்துகிடந்தன. பள்ளி மட்டும் இருந்தது. தலைமையாசிரியர் மாணவர் சேர்க்கைப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்தார். அம்மாவின் பேர் கிடைத்தது. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷமும் வயது ஏழு என்பதும் எழுதியிருந்தது.

கணக்குப் போட்டோம். பிறப்புப் பத்திரத்தின்படி பார்த்தால் அப்போது அவளுக்குப் பத்து வயது ஆகியிருக்க வேண்டும்.

"தோட்டத்துல லேட்டாதானே சேப்பாங்க. பத்து வயசுப் பிள்ளைய ஏழுன்னு சொல்லியிருப்பாங்க" என்றேன்.

"இருக்கலாம்" என்றார் வாத்தியாரண்ணன். "அந்தம்மா என்ன சொல்லிக் குடுத்தாங்க? ஒரு வரிய மட்டும் பாக்காத, பக்கம் முழுக்கப் பாருன்னாங்க. பாப்போம்."

பக்கம் முழுக்கப் பார்த்தோம். அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் எட்டு வயது இருந்தால் எட்டு, ஒன்பது இருந்தால் ஒன்பது என்று எழுதியிருந்தது. பதினொரு வயதுப் பையன் ஒருவன்கூட இருந்தான். அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் வயதைக் குறைத்து எழுதுகிறவர் இல்லை.

தலைமையாசிரியர்தான் வழி சொன்னார். தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பால்வெட்டுக்குப் போகிற தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாள் இப்போது பத்து காஜா பக்கம் மகனோடு இருக்கிறாராம். அன்றே போனோம். கொல்லையில் வாத்துகளுக்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தார். நான் உங்கள் அம்மாவின் பேரையும் தகப்பன் பேரையும் சொல்லி, இந்தப் பிள்ளையை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"எதக் கேக்குற? மொதப் புள்ளையா, ரெண்டாவதா?"

எனக்கு விளங்கவில்லை.

"அந்தப் பேருல ரெண்டு புள்ளைங்கப்பா. மொதப் புள்ள என் மடியிலதான் கெடக்கும். நல்ல செவப்பு. நடக்க ஆரம்பிக்கல, காய்ச்சல்ல போயிருச்சு. அப்புறம் கம்யூனிஸ்ட்டுக்காரனுக்குப் பயந்து வெள்ளக்காரன் தோட்டத்தச் சுத்தி கம்பி வேலி போட்டானே அவசரகாலத்துல, அந்த மாசம் ரெண்டாவது பொறந்தா. அதே பேர வச்சாங்க. 'பொறப்ப எழுத போலீஸ் டேசனுக்குப் போ'ன்னு நான்தான் சொன்னேன். உன் மாமனாரு என்ன சொன்னாரு தெரியுமா? 'பேரும் அதே, பொண்ணும் அதே, காகிதம்தான் கையில இருக்கே. மறுபடி எதுக்கு ஒரு நாள் வேலைய விட்டுட்டுப் போறது?' நல்ல மனுசன்தான். ஆனா அப்படித்தான் நெனச்சாரு."

என் மாமனார் ஒருவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை, பிள்ளைகளே. எத்தனையோ பேர் அப்படிச் செய்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எழுத்து தெரியாதவர்களுக்குக் காகிதம் என்பது பேருக்கு உரியது. ஆளுக்கு உரியது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் ஒரு கோப்பிக்கடையில் நின்றோம். நான் கோப்பியைக் குடிக்கவில்லை.

"வாத்தியாரண்ணே, இத வகுப்புல சொல்ல வேணாம்."

"வீட்டுல?"

"வீட்டுலயும் வேணாம். அந்தக் காகிதத்த ஆபீசுல குடுத்துடறேன். பேரு சரி, தோட்டம் சரி. யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் தன் கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார். எனக்காகத் தெரியாத மாதிரி இருந்துவிடுவார் என்று நினைத்தேன். இதில் யாருக்கு என்ன கெடுதல் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. செத்த குழந்தைக்கு ஐசி வேண்டாம். உயிரோடு இருக்கிறவளுக்கு வேலை வேண்டும். ஆறு நாள் அப்படியே மனதுக்குள் பேசிக்கொண்டு, வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.

சனிக்கிழமை வந்தது. லைன் சோதிக்கிற நேரத்தில் நான் வேண்டுமென்றே தாமதமாகச் செருகினேன், தனிப்பேச்சு வேண்டாம் என்று. வகுப்பு நடுவில் குரல், "ஈப்போ, போன வாரத்துப் பிறப்புப் பத்திரம் என்ன ஆச்சு? பள்ளிக்கூடப் புத்தகம் கிடைத்ததா?" என்று கேட்டது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். பிளக் என் காலருகில் இருந்தது. குனிந்து அதைப் பிடுங்கிவிட்டேன்.

பெட்டி செத்துப்போனது. "லைன் கெட்டுப்போச்சு" என்று மலாயில் சொன்னேன். பத்து நிமிடம் ஒயரை ஆட்டுகிற மாதிரி நடித்தேன். பிறகு செருகியபோது குரல் அலோர் ஸ்டார்க்காரர்களோடு வேறு பேசிக்கொண்டிருந்தது. "மன்னிக்கணும் புவான், இங்கே பெரிய மழை" என்றேன். வெளியே வெயில் கொளுத்தியது. ஆறு பேர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மலாய் டீச்சர் தலையைக் குனிந்து குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

எல்லாரும் போன பிறகு வாத்தியாரண்ணன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே, "என்னப்பா, மழைல நனைஞ்சுட்டியா?" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "என்கிட்ட மறைக்க முடியாது, அந்தம்மாகிட்ட மறைச்சுட்ட. அது போவட்டும். சோறு போடுறவகிட்ட எத்தன நாளைக்கு?" என்றார்.

நேராக வீட்டுக்குப் போனேன். அம்மா காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது அந்தக் குழந்தையைப் பற்றி இல்லை.

"எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"ஞாயித்துக்கெழம."

"ஆறு நாளு. ஆறு நாளு என் எதிர்ல உக்காந்து சோறு தின்னுருக்கீங்க."

இரண்டு சட்டைகளை மடித்தாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவளுக்கு வேற பேரு ஏதும் இருந்துச்சா? வீட்டுல கூப்பிடுற பேரு?"

"இல்ல. ஒன் பேருதான்."

"அப்ப நான்தான் அவ பேர எடுத்துக்கிட்டேன்." கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் காகிதத்தக் குடுக்காதீங்க" என்றாள்.

"வேல போயிடும்."

"போவட்டும். பேரையும் எடுத்துக்கிட்டு, அவ பொறந்த காகிதத்தையும் நானே எடுத்துக்கிட்டா, அவ பொறந்தாங்கிறதுக்கு என்னதான் இருக்கு? எங்கம்மா பத்து மாசம் சொமந்தது சும்மாவா?"

நான் அவளுக்கு நியாயம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைகளின் எதிர்காலம் என்றுகூடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஏழாம் நாள் வரை முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஒன்றரைக்கே பிளக்கைச் செருகிவிட்டுக் காத்திருந்தேன். குரல் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், பிளக் பிடுங்கியது உட்பட.

"அப்ப மழை பெய்யேல்லையோ?"

"இல்லங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. "நீங்கள் என்ன செய்யவேணும் எண்டு நான் சொல்லமாட்டன். அது உங்கட வீட்டு விசயம். ஆனால் உங்கட மனைவி சொல்லுற வழியில போறதெண்டால் அதுக்கும் சான்று தேட ஏலும். ஆபீசில அவை கேக்கப்போறது ஒண்டுதான். அந்தப் பத்திரத்தில இருக்கிற பிள்ளையும் உங்கட மனைவியும் ஒரே ஆள் இல்லை எண்டு எப்பிடித் தெரியும்? இவ இருக்கிறதுக்குப் பள்ளிக்கூடப் புத்தகம் இருக்கு. நீங்கள் இப்ப தேடவேண்டியது மற்றப் பிள்ளையின்ர மரணம்."

நான் யோசித்தே பார்க்காத விஷயம் அது. உயிரோடு இருப்பவளைக் காட்டுவதற்குச் செத்தவளைத் தேட வேண்டும்.

அன்றைய வகுப்பில் அவர் என் பேரைச் சொல்லவில்லை. ஆனால் பாடத்தை மாற்றிவிட்டார். ஒரு தோட்டத்தில் ஒரு குழந்தை இறந்தால் எங்கெங்கே எழுதப்பட்டிருக்கும் என்று நான்கு ஊரையும் கேட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரின் புத்தகம் என்றார்கள். போலீஸ் நிலையம் என்றார்கள், மாவட்டப் பதிவுப் புத்தகம் என்றார்கள். தைப்பிங்கில் ஒருவர் சுடுகாட்டுக் கணக்கு இருக்குமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் எங்கள் வீட்டுக் குழந்தையைப் பற்றித்தான் பேசினார்கள், அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமலே. மற்ற மூன்று ஊருக்குத் தெரியாது. எங்கள் அறையில் நான் பிளக் பிடுங்கியதைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும். வகுப்பு முடிந்ததும் மலாய் டீச்சர் என்னிடம் வந்தார். அவருடைய தம்பி பத்து காஜாவில் பழைய பதிவுப் புத்தகங்கள் இருக்கும் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறாராம். மனுவை முறையாக எழுதிப் போடுங்கள், தேடுவதைக் கொஞ்சம் சீக்கிரம் தேடச் சொல்கிறேன் என்றார்.

தோட்டத்து டிரஸ்ஸர் புத்தகம் கிடைக்கவில்லை. தோட்டம் கைமாறியபோது அவற்றை எரித்துவிட்டார்கள் என்றார்கள். போலீஸ் நிலையத்திலும் இல்லை. நேர்முகத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது டீச்சரின் தம்பி போன் போட்டார். நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். அவர் பெரிய புத்தகத்தைத் திறந்து ஒரு வரியின் மேல் அளவுகோலை வைத்தார். பெண். பதினொரு மாதம். காய்ச்சல். தோட்டத்தின் பேர், தகப்பன் பேர். தெரிவித்தவர் என்ற இடத்தில் டிரஸ்ஸரின் கையெழுத்து. அந்த இளைஞர் எழுத்தெழுத்தாக எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அம்மா அளவுகோலுக்கு மேல் குனிந்து, விரலை வைக்காமல், அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை மங்கியதும் முந்தானையால் முதலில் புத்தகத்தை மறைத்துக்கொண்டாள், மேலே தண்ணீர் விழுந்துவிடப்போகிறது என்று. பிறகுதான் கண்ணைத் துடைத்தாள்.

அந்த வரியின் நகல், தலைமையாசிரியரின் கடிதம், ஆயாக்கொட்டகை அம்மாள் நல்ல சேலை கட்டி வந்து ரேகை வைத்துக் கொடுத்த சத்தியப் பத்திரம், முதல் குழந்தையின் பிறப்புப் பத்திரம். இவ்வளவையும் ஓர் உறையில் போட்டுக்கொண்டு நேர்முகத்துக்குப் போனோம். அதிகாரி வயதான மலாய்க்காரர். ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க நெற்றி சுருங்கியது. கடைசியில் பிறப்புப் பத்திரத்தைத் தனியாக எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதை மட்டும் கொடுத்திருந்தால் நான் இன்றைக்கே முடித்திருப்பேனே. மற்றதெல்லாம் எதற்குக் கொண்டுவந்தீர்கள்?"

அம்மா தனக்குத் தெரிந்த மலாயில், "அது அக்காவோடது, ஐயா" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, இதை நான் மட்டும் தீர்மானிக்க முடியாது, மேலே அனுப்ப வேண்டும், நாளாகும் என்றார்.

நாளானது. ஏறக்குறைய ஒரு வருஷம். சொன்னபடியே ஃபேக்டரியில் அம்மாவை நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷம் அவள் பக்கத்துச் சாலைச் சாப்பாட்டுக்கடையில் காலையில் வெங்காயம் உரித்து, காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாளே, ஏன் என்று, சின்னவனே, நீ கேட்டிருக்கிறாய். இதுதான் காரணம். நாம் தீபாவளிக்கு ஒரு செட் துணியோடு நிறுத்திக்கொண்டதும் அந்த வருஷம்தான். அவள் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் சில நாள், பேசாமல் அந்தக் காகிதத்தையே கொடுத்திருக்கலாமோ என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. கடைசிச் சனிக்கிழமை எல்லாரும் பரீட்சையைப் பற்றியே பேசினார்கள். குரல், "ஐசி வந்தால் எனக்கு அறிவியுங்கோ" என்றது. "கண்டிப்பாங்க" என்றேன். எங்கே அறிவிப்பது என்று கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த பருவத்தில் வரலாற்றுக்கு ஓர் ஆண்குரல் வந்தது. அந்த அம்மா மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். வாத்தியாரண்ணன் பட்டம் வாங்கி, பகாங் பக்கம் மாற்றலாகிப் போனார். பல்கலைக்கழகமும் பிறகு அந்த அறைகளை விட்டுவிட்டது. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால், சாத்திய ஜன்னலும் மின்விசிறியும் டீச்சரின் வாழையிலை வாசமும் ஞாபகம் வந்துவிடும். நான் ஒழுங்காகப் படித்த பள்ளிக்கூடம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். அங்கே எனக்கு நாற்காலிகூடக் கணக்கில் இல்லை.

நீல ஐசி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அதை வாங்கப் பதிவு அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். முகப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கியதும், அம்மா நகரவில்லை. பையிலிருந்து பள்ளிக்கூடத்துக் கடிதத்தை எடுத்து, ஐசியைப் பக்கத்தில் வைத்தாள். அந்த எழுத்து தெரியாது, எண் தெரியும். பிறந்த வருஷத்தை ஒவ்வோர் எண்ணாக விரலால் தொட்டு ஒப்பிட்டாள். அக்காவின் வருஷம் இல்லை, அவளுடையதுதான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "தோட்டத்தோட பேரு போட்டிருக்கானா, பாருங்க" என்றாள். அட்டையில் மாநிலத்தின் பேர் மட்டும் இருந்தது. "பேராக்னு போட்டிருக்கு" என்றேன்.

"அது போதும்" என்று சொல்லிவிட்டு வரிசையை விட்டு விலகினாள்.